இருபது நம்பர் மனப்பாடம்

“போனை ஊட்டுலயே மறந்துட்டு வந்துட்டு, எப்டிண்ணே நிம்மதியா சாப்புடுறீங்க?” என்றாள் ஷைனி, கம்பெனி கேன்டீனில்.

ஜெரால்ட் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சிரித்தார். “நாங்கள்லாம் நெட்டு வர்றதுக்கு முன்னாடி வளந்தவங்கம்மா. ஸ்கூல் படிக்கசொல்லோ இருபது நம்பர் எனக்கு மனப்பாடம். உங்களுக்குப் பெத்த அம்மா நம்பரே போனைப் பாத்தாத்தான் தெரியும்.”



அந்நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்து, ஜெரால்டுக்கு இன்று ஓ.டி. என்று சொல்லிவிட்டுப் போனார். ஷைனி தன் போனை நீட்டினாள்.

“அண்ணிக்குச் சொல்லிடுங்க. நம்பர் ஞாபகம் கீதா?”

“இன்னாம்மா இப்டிக் கேட்டுட்ட?” கண்ணிமைக்காமல் பத்து எண்களையும் தட்டினார் ஜெரால்ட். மேஜையில் இருந்த எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டார். ஷைனி அசந்துபோனாள்.

“அலோ, யாரு?”

“மேரி, நான்தான். இன்னிக்கு ஓ.டி. வர லேட்டாவும்.”

“சரி. துணி தொவைச்சிக்கினு இருந்தவ ஓடியாறேன். என் போனு என் பக்கத்துலயே இருந்துச்சி. அதுக்குப் போடாம, சார்ஜ்ல கீற உன் போனுக்கு இன்னாத்துக்குயா போட்ட?”

ஜெரால்ட் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தார்.

“அந்த இருபதுல அண்ணி நம்பர் இல்லியாண்ணே?” என்றாள் ஷைனி.

ஜெரால்ட் சாதத்தைப் பார்த்துச் சொன்னார்: “அவளக் கட்டிக்கினது நெட்டு வந்தப்புறம்மா.”