நாத்தனார் எடுத்துவைத்த புத்தகங்கள்

“எதுக்கு இப்படித் தலையைப் பிச்சுக்கறே? என் தங்கச்சியைக் கேளேன். நாளைக்கு வகுப்புக்கு வேணுங்கற புத்தகத்தைக் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எடுத்துக் கொடுத்துடுவா.”

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணவர் சொன்னதும் கணக்கு டீச்சருக்குச் சுருக்கென்றது.

“இனிமே உங்க தங்கச்சியைக் கேட்டுத்தான் நான் மூச்சு விடணுமா?” என்றாள் கம்மிய குரலில்.

அந்தக் குரல்தான் அவளுடைய கவலையே. இத்தனை வருஷம் நாற்பது பிள்ளைகள் போடும் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. இனிமேல் சத்தம் போட்டுப் பாடம் நடத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் புதிதாக நூலக ஆசிரியர் இடம் ஒன்று வந்திருந்தது. அது கிடைத்தால் பிழைத்தாள்; இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அந்த வேலைக்கென்று நடந்த சனிக்கிழமைப் பயிற்சிக்கு இவள் பெயர் கொடுத்தாள். மறுநாளே நாத்தனாரும் கொடுத்துவிட்டாள்! அதே பள்ளியில் டிராயிங் டீச்சர் அவள். பென்சிலும் கலரும் அலுத்துப்போய்விட்டதாம்.

பயிற்சியிலாவது இவள் பக்கம் காற்று வீசியதா? அதுவும் இல்லை. ‘ஐந்தாம் வகுப்புக்குப் பாம்புகளைப் பற்றி நல்ல புத்தகம்’ என்று கேட்டால், இவள் அலமாரி அலமாரியாக அலைவாள். நாத்தனார் நேராகப் போய் உருவிக்கொண்டு வருவாள்.

“உங்க நாத்தனார் கையில காந்தம் இருக்கு மேடம்” என்று பயிற்சியாளர் இவளிடமே வந்து சொன்னார். இவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தாள்.

நாளைக்கு மாதிரி வகுப்பு. தலைமையாசிரியையே உட்கார்ந்து பார்க்கப்போகிறார். தலைப்பு விண்வெளி. முதலில் இவள், அடுத்து நாத்தனார்.

போன் அடித்தது.

“அண்ணி, நான்தான். நாளைக்கு வகுப்பைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு...”

“எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்மா. உன் வேலையை நீ பாரு.”

வைத்துவிட்டாள்.

“என்னவாம்?” என்றார் கணவர்.

“ம்... காந்தம் பேசிச்சு.”

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் நூலகத்துக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்குள் ஏற்கெனவே விளக்கு எரிந்தது. நாத்தனார்! விண்வெளி அலமாரி முன்னால் நின்று, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, முதல் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிலது திரும்ப அலமாரிக்குப் போனது. சிலது தள்ளுவண்டிக்கு. பிறகு வண்டியைப் பின்னறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே போய்விட்டாள்.

“அடிக் கள்ளி! நல்லதையெல்லாம் அள்ளி ஒளிச்சு வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி போறதைப் பாரு!”

அலமாரியை இவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் கழித்துப்போட்ட மிச்சம் மீதி நமக்கா? நேராகப் பின்னறைக்குப் போய், வண்டியிலிருந்த அத்தனையையும் அள்ளிக்கொண்டாள். இரண்டு மூன்றின் முதுகு பிய்ந்திருந்தது. பிள்ளைகள் ஆசையாகப் புரட்டிய புத்தகம்தானே பிய்யும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிரித்துப் பார்க்க நேரமில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? காந்தம் பிடித்தது சோடை போகுமா?

வகுப்பில் ஒவ்வொரு மேஜையிலும் புத்தகங்களைப் பரப்பினாள். கடைசி வரிசையில் தலைமையாசிரியை. கதவருகே வந்து நின்ற நாத்தனார், புத்தகங்களைப் பார்த்ததும் வெளிறிப்போனாள். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க இவள் வயிறு குளிர்ந்தது.

“படிச்சுப் பாருங்க பிள்ளைங்களா. புதுசா என்ன தெரிஞ்சுக்கிட்டீங்கன்னு ஒவ்வொருத்தரா சொல்லணும்.”

ஒரு பெண் எழுந்தாள். “டீச்சர், இதுல ஒன்பது கோள்னு போட்டிருக்கு. எட்டுதானே?”

“எங்க புத்தகத்தைக் கேளுங்க டீச்சர்! ‘மனிதன் ஒருநாள் நிலவில் இறங்கினாலும் இறங்கலாம்’னு இருக்கு!”

“டீச்சர், எங்களுக்குச் சனியே இல்ல. யாரோ கிழிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க!”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. இவள் அதட்டப் பார்த்தாள்; தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

தலைமையாசிரியை எழுந்தார். “புத்தகம் வெளிவந்த வருஷத்தைக்கூடப் பார்க்காம பிள்ளைங்க கையில கொடுத்தா எப்படிம்மா?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

நடைவழியில் நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்தாள் இவள்.

“இப்போ திருப்திதானே? எனக்குக் குழி வெட்டத்தானே இதையெல்லாம் பொறுக்கி வெச்சே? போ, போய் வேலையை வாங்கிக்கோ!”

“ஐயோ அண்ணி, உங்க தொண்டை விஷயத்தை அண்ணன் சொன்னதுமே, எனக்கு இந்த வேலை வேண்டாம்னு நேத்து தலைமையாசிரியைகிட்ட சொல்லிட்டேன். அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன்” என்றாள் நாத்தனார். அவள் கண் நிரம்பிவிட்டது. “பழசு, கிழிஞ்சது, தப்பு தப்பா இருக்கறது எதுவும் உங்க கையில சிக்கிடக் கூடாதேன்னு, காலையிலேயே வந்து எல்லாத்தையும் கழிச்சு உள்ளே தள்ளினேன். நல்லது அத்தனையும் உங்களுக்காக அலமாரியிலேயே விட்டுட்டுப் போனேனே அண்ணி, நீங்க பார்க்கவே இல்லையா?”