பெட்டிக்குள் ரைஸ் குக்கர்

இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்து மதிய வெயில் கட்டில்மேல் விரித்த பாரிஸ் வரைபடத்தில் விழுகிறது. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து, கணவனும் மனைவியும் மட்டுமாகக் கிளம்பும் முதல் பயணம். போக வேண்டிய தெருக்களைப் பென்சிலால் வட்டமிடுகிறாள் வெனிங். அவள் இரண்டு முறை வெளியே எடுத்து வைத்த ரைஸ் குக்கரை மாமியார் சுஹார்த்தி மறுபடியும் பெட்டிக்குள் திணிக்கிறாள். "அங்க போயும் நான் சோறு பொங்கணுமா அத்தே?" "நீ பொங்குனா எம்புள்ள பட்டினிதான் கெடக்கணும்." மின்விசிறி கிறீச்சிடுகிறது. கணவன் பகாஸ் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வெனிங் குக்கரை வெடுக்கென்று பிடுங்க, மூடி திறந்துகொள்கிறது. உள்ளே மிளகாய்ச் சம்பல் பொட்டலங்கள்; அவற்றின்மேல் மாமியாரின் புத்தம்புதுப் பாஸ்போர்ட், விசா ஒட்டியது. பகாஸின் கட்டைவிரல் செல்போனில் அப்படியே நிற்கிறது. வரைபடத்தின்மேலேயே உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள் சுஹார்த்தி: "ஜன்னல் சீட்டு எனக்கு."