முடிஞ்சிருச்சா, புள்ள?

"புள்ள, முடிஞ்சிருச்சா?"

காலையிலிருந்து இது நாலாவது தடவை. கதவைத் தட்டுவது, வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ராக்காயி.

"இன்னும் இல்லத்தே! முடிஞ்சா நானே சொல்றேன்," என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினாள் பிரேமினி.

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இந்த அத்தைக்கு வேறு வேலையே இல்லையா? 'அம்மாக்காரி மலையில கொழுந்து பறிக்கிறா, மக பொட்டி முன்னால குந்திக்கிட்டு இருக்கா' என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு ஓடுவது பிரேமினிக்குத் தெரியும். இன்றைய செய்தி சேகரிக்க வந்திருக்கிறாள்!

கொழும்புக் கம்பனி ஒன்றுக்குத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்தபடியே வேலை. மூன்று மாதச் சோதனைக் காலம் நாளையோடு முடிகிறது.

"நாளைக் காலைக்குள்ள அந்த நெட்வர்க் கார்டு புரோகிராமைச் சரி பண்ணி அனுப்புங்க. இல்லாட்டி ஒங்களுக்காக நான் பேச ஏலாது," என்று மேலதிகாரி றிஷாத் சொல்லிவிட்டார்.

கோளாறு இதுதான். கம்பியில் தகவல் வந்தால் நெட்வர்க் கார்டு, கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் இருக்கும் கெர்னலைத் தட்டிக் கூப்பிடும். இன்டரப்ட் என்று பெயர். கெர்னல் வந்து தகவலை அள்ளிக்கொண்டு போகும். இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு கார்டு திடீரென்று ஊமையாகிவிடும். ஏன் என்றுதான் தெரியவில்லை.

கண்டுபிடிக்கலாம் என்றால் கரண்ட் விட்டால்தானே! அவளுடையது பழைய கம்ப்யூட்டர், பாட்டரி கிடையாது. நேற்று மூன்று தடவை, சோதனை பாதியில் ஓடும்போதே கரண்ட் போய் எல்லாம் முதலிலிருந்து. மூன்றாம் தடவை அழுதே விட்டாள். இன்றைக்கு யார் செய்த புண்ணியமோ, கரண்ட் கண் சிமிட்டக்கூட இல்லை.

தட் தட்.

"புள்ள..."

"அத்தே! தட்டாதீங்கன்னு சொன்னேன்ல? ஒங்களுக்கு என்ன அவசரம்? என் பொழப்பக் கெடுக்காதீங்க!"

பிரேமினி தாழ்ப்பாளைப் போட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கழற்றியபோதுதான் தோன்றியது. இடையில் அத்தை தட்டியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காதே? 'தட்டியாச்சு, வருவா' என்று அத்தையும் நின்றுகொண்டே இருந்திருப்பாள்.

சடக்கென்று நிமிர்ந்தாள்.

அதேதான்! தகவலை அள்ளும்போது தொந்தரவு வேண்டாமென்று கெர்னல் இன்டரப்டை அணைத்து வைக்கிறது. சரியாக அந்த நேரம் கார்டு தட்டினால் யார் காதிலும் விழாது. தட்டியாயிற்று என்று கார்டு காத்திருக்கும். தட்டட்டும் என்று கெர்னல் காத்திருக்கும். அப்புறம் எங்கே பேச்சு?

இன்டரப்டைத் திரும்பப் போட்டதும், நடுவில் யாராவது வந்தார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்க்கப் புரோகிராமில் இரண்டே வரி சேர்த்தாள். ஓடவிட்டாள். இரண்டு மணி நேரம் தாண்டியது. மூன்றும் தாண்டியது. கார்டு வாய் மூடவில்லை.

அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"பாத்தன், பிரேமினி. சரியான இடத்தப் பிடிச்சிட்டீங்க. நாளையில இருந்து நீங்க எங்கட ஆள்," என்றார் றிஷாத்.

மஸ்கெலியா டவுனுக்குச் சாமான் வாங்கப் போன அம்மா வந்துவிட்டாளா என்று பார்க்கக் கதவைத் திறந்தாள். வாசலில் ராக்காயி, கையில் பாண் ரொட்டித் துண்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சிருச்சா, புள்ள?"

"முடிஞ்சிருச்சத்தே. வேலையும் கெடச்சிருச்சு." அப்போதுதான் கவனித்தாள். "என்னத்தே, ஒரு வீட்டுலயும் டிவி சத்தமே இல்ல? சமைக்கலையா யாரும்?"

"நேத்து நீ அழுதது செவுத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு. எட்டுக் காம்பராவுக்கும் ஒரே வயரு. குக்கரும் டிவியும் ஒண்ணாப் போட்டா கட்டாயிருதுல்ல? புள்ள எந்திரிக்கிற வரைக்கும் ஒருத்தரும் சுவிட்சத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். எல்லாருக்கும் இன்னைக்குப் பாண்தான். பசங்கதான் மேட்ச் பாக்கணும்னு உசுர எடுத்தானுங்க. அதான் வந்து வந்து கேட்டேன்."

பிரேமினி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தே, நான் ஒங்களப் போயி..."

ராக்காயி அதைக் காதிலேயே வாங்கவில்லை. லயத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏய், புள்ளைக்கு வேல கெடச்சிருச்சு! போடுங்கடா டிவிய!"

எல்லா டிவியும் எல்லாக் குக்கரும் ஒன்றாக விழித்தன. அடுத்த நொடி லயம் முழுக்கக் கரண்ட் போனது.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக, கரண்ட் போனதற்குப் பிரேமினி சிரித்தாள். கண்ணீர்தான் நிற்கவில்லை.