பதின்மூன்றாவது கை

"இந்தப் பக்கம் ஆறு ஓட்டு, அந்தப் பக்கம் ஆறு ஓட்டு. பாலத்தைத் தள்ளி வெச்சாச்சு. எல்லாரும் ஊர் போய்ச் சேருங்க!"

தாலுகா போர்டு ஆபீஸ் படியில் நின்று சேவகன் கூவினான்.

ஓடைக்கு அக்கரை ஊரிலிருந்து முடிவு கேட்க வந்திருந்த விவசாயி நல்லகாமனுக்கு ரத்தம் கொதித்தது.

வெள்ளைக்காரன் நம்மவர்களுக்குப் போர்டில் நாற்காலி கொடுத்த புதிது. கொடுத்த நாளிலிருந்து இரண்டு கட்சி, ஒரே சண்டை. ஓடைப் பாலம் வெள்ளத்தில் போய் ஒரு வருஷமாகிறது. இவர்கள் பாலம் என்று வாயெடுத்தால் அவர்கள் எழுந்து போவார்கள். அவர்கள் எடுத்தால் இவர்கள். காண்டிராக்ட் யார் மச்சானுக்கு என்பதுதான் வழக்கு.

வண்டி போக வழியில்லை. மதுரைக்குப் போக வேண்டிய வெற்றிலை கூடையிலேயே அழுகியது. வாழைத்தார் வாங்க எந்த வியாபாரியும் எட்டிப் பார்க்கவில்லை. நல்லகாமனின் தம்பி, பெண்டாட்டி பிள்ளைகளோடு கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போக மூட்டை கட்டிவிட்டான். இன்று பாலம் நிறைவேறினால் தங்கிவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

"மெம்பருக பதிமூணு பேராச்சே. ஆறும் ஆறும் எப்புடிப்பா?" என்றார் நல்லகாமன்.

"சின்னக்கருப்பன் ஓட்டு கணக்குல வரலைங்க."

சின்னக்கருப்பன்! சேரி ஜனங்களுக்காகச் சர்க்கார் நியமித்த மெம்பர். பாலத்துக்குத்தான் கை தூக்குவேன் என்று நேற்றுக்கூடச் சொன்ன ஆள்.

வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றவரை நல்லகாமன் மறித்துக்கொண்டார்.

"ஏண்டா, எவன்கிட்ட எம்புட்டு வாங்குன?"

"ஒண்ணும் வாங்கலைங்க சாமி."

"புளுகாத! ஒரு கையத் தூக்க உனக்கு அம்புட்டு வலிக்குதோ? எந்தம்பி குடும்பத்தோட கப்பலேறப் போறான்டா. அந்தப் பாவம் உன்னைச் சும்மா விடாது!"

"தூக்குனேங்க. பாலத்துக்குத்தான் தூக்குனேன். வராந்தாவுல நின்னு தூக்குனேன். ஹாலுக்குள்ள இருக்குற கைதான் கணக்குன்னுட்டாங்க."

"வராந்தாவுல உனக்கு என்னடா வேலை? உள்ள போக வேண்டியதுதான?"

"காலை எடுத்து வெச்சேங்க. ரெண்டு கட்சியும் ஒண்ணா எந்திரிச்சிருச்சு. 'இவன் உள்ள உக்காந்தா நாங்க வெளிய போயிருவோம்'னு சொல்லிட்டாங்க."

நல்லகாமன் ஆபீஸ் வாசலை முறைத்துப் பார்த்தார். ஒரு வருஷமாக எதிலும் ஒத்துப்போகாத பன்னிரண்டு பேர், இதில் மட்டும் ஒரே குரல்! வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

"தூ! இவனுகள்லாம் பெரிய மனுசனுக! நாடே நாசமாப் போனாலும் போகட்டும், பக்கத்துல ஒரு மனுசன் மட்டும் உக்காந்திரக் கூடாதாக்கும்!"

ஆபீஸ் பக்கம் திரும்பிக் காறித் துப்பினார். ஆத்திரம் அடங்கவில்லை. பாவம், இந்த மனுசனைப் போய்த் திட்டிவிட்டோமே என்றும் இருந்தது.

"இதைச் சும்மா விடக்கூடாது கருப்பா. இவனுக யோக்கியதை ஊரு உலகத்துக்குத் தெரியணும். சாயங்காலம் எங்க ஊர்ச் சாவடியில கூட்டம் போடுறேன். நீயே வந்து நடந்ததை நடந்தபடி சொல்லு. வாரியா?"

"வாரேங்க சாமி."

சின்னக்கருப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இரண்டடி நடந்தவர் நின்று திரும்பினார். குத்திக்காட்டும் குரலில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சாவடிக்கு உள்ள வந்து சொல்லவாங்க, வெளிய நின்னு சொல்லவா?"