பத்தாவது பெட்டி

"ஒன்பதுதான் ஆகுது," என்றார் கடைக்காரர் ஹாஜி பயூமி. "பத்துப் பெட்டி எடுத்தாதான் மொத்த விலை. இல்லேன்னா எல்லாத்துக்கும் சில்லறை விலைதான் போடணும்."

இன்ஸாஃப் பக்கத்திலிருந்த சர்க்கரை மூட்டை மீது உட்கார்ந்துவிட்டாள்.

காலை ஷிஃப்டு முடிந்து பஞ்சாலையிலிருந்து நேராக வந்திருந்தாள். தலைத்துணியில் பஞ்சு ஒட்டியிருந்தது. வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்திருந்தது.

"ஆறு போதும்னு வீட்டிலேயே சொன்னேன்," என்றாள் மகளிடம்.

"ஆறு எடுத்தா ஏழு பெட்டிக் காசு குடுக்கணும்மா," என்றாள் யும்னா. "கணக்கு போட்டுத்தானே வந்தோம்."

"ரெண்டே பேரு. எவ்வளவு தின்னுடப் போறாங்க?"

"ஆறு மாசத்துல சோப்பு தீர்ந்துபோச்சுன்னு அவர்கிட்ட கை நீட்டணுமா? அவரோட அக்காங்க மூணு பேரும் மொத நாளே வந்து அலமாரியைத் திறந்து எண்ணுவாங்க. எண்ணட்டும். எண்ணி எண்ணி விரல் வலிக்கட்டும்."

ஹாஜி சிரித்தார். "மணப்பொண்ணுன்னா இப்படி இருக்கணும்."

யும்னா அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள். இன்ஸாஃப் இரண்டு முறை தள்ளிப்போட்ட கல்யாணம். முதலில் ரமலான் போகட்டும் என்றாள். பிறகு ஆலையில் விடுப்பு இல்லை என்றாள். மூன்றாவது முறை மாப்பிள்ளையே தேதியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை சாமான் வண்டி கிளம்ப வேண்டும். கட்டில், மெத்தை, பாத்திரம், எல்லாவற்றுக்கும் மேலே இந்த மளிகைப் பெட்டிகள். மஹல்லா ஊரில் மணப்பெண்ணின் சாமான் மறைவாகப் போனதில்லை. ஹாரன் அடித்துக்கொண்டு தெருத்தெருவாக ஊர்ந்து போகும். பால்கனிகளில் நிற்பவர்கள், யார் வீட்டுச் சாமான், எத்தனை பெட்டி என்று பார்ப்பார்கள்.

அந்தப் பார்வையைத்தான் இன்ஸாஃப் தவிர்க்க நினைத்தாள். இந்தக் கடைக்கு வந்ததுகூட அதனால்தான். அவர்கள் தெருவிலேயே மொத்தக் கடை இருக்கிறது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பெட்டிக்குப் பத்து பவுண்டு குறைவு என்று சொல்லி மகளை அழைத்து வந்தாள். டாக்சிக்கே அதைவிட அதிகமாகிவிட்டது.

"மூடின வண்டி ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன்," என்றாள் இப்போது. "விடியறதுக்குள்ள போயிடலாம்."

"மூடின வண்டியா? என்னம்மா, திருட்டுச் சாமானா?"

"தெருவுல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நெய் என்ன, அவங்க வீட்டு நெய்யா?"

இன்ஸாஃப் தலைத்துணியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்தெடுத்தாள். புருஷன் இறந்து பன்னிரண்டு வருடமாக அரிசியை அரைக் கிலோ, அரைக் கிலோவாக வாங்கியவள் அவள். அப்படி வாங்கினால்தான் செலவு அதிகம் என்று அவளுக்குத் தெரியும். மொத்தமாக வாங்கும் அளவுக்குக் கையில் ஒரே ஒரு முறைதான் சேர்ந்தது. அதுவும் செலவாகிவிட்டது. இன்றைய பணம் யும்னா தையல் கூலியில் சேர்த்தது.

"அம்மாக்களே இப்படித்தான்," என்றார் ஹாஜி. "பெட்டி ஏற ஏற முகம் வாடிடும். பொண்ணு போறாளேன்னு கவலை."

யும்னா ஒரு பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தாள். ரோஜா வாசனைச் சோப்பு. நாற்பத்தெட்டுக் கட்டி.

"வெள்ளைச் சோப்பு எடு," என்றாள் இன்ஸாஃப். "துணிக்கும் ஆகும்."

"புதுக் குடித்தனத்துக்குத் துணி சோப்பா?"

"யும்னா."

"பத்தாச்சு ஹாஜி," என்று பெட்டியை இறக்கி வைத்தாள் யும்னா. "மொத்த விலை போடுங்க."

ஹாஜி விலையைப் போட்டார். பிறகு காதில் செருகியிருந்த கறுப்பு மார்க்கரை எடுத்து யும்னாவிடம் நீட்டினார். "அதே நாள்ல இன்னும் மூணு கல்யாணச் சாமான் இங்கேருந்து ஏறுது. பெட்டி மாறிடும். எல்லாத்துலயும் மணப்பொண்ணு பேரை எழுதிடு, மகளே."

அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

யும்னா எழுதவில்லை. அம்மாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மார்க்கரை நீட்டினாள்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி என் பேரை நீதானே எழுதினே," என்றாள் தணிந்த குரலில். "பன்னிரண்டு பெட்டியில."

"உனக்கு அப்போ இருபத்து மூணு வயசு. எனக்கு இப்போ ஐம்பத்தொண்ணு."

"அதனாலதான் ரெண்டு பெட்டி கம்மி."

இன்ஸாஃபுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. இரண்டையும் தலைத்துணியின் நுனியால் துடைத்துக்கொண்டாள்.

வாசலைப் பார்த்தாள். மார்க்கரின் மூடியைக் கழற்றினாள். சோப்புப் பெட்டி மேல் குனிந்தாள். எழுத்து சிறிதாக ஆரம்பித்து, போகப்போகப் பெரிதானது.

மீதிச் சில்லறையோடு திரும்பிய ஹாஜி அதைப் படித்தார்.

"இன்ஸாஃப். நல்ல பேரு, பழைய காலத்துப் பேரு." யும்னாவைப் பார்த்தார். "உன் பேரு யும்னாதானே? இது யாரு?"

"நான்தான்," என்றாள் இன்ஸாஃப், அடுத்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.