அப்பா கோண்டு

வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பையன் மதிப்பெண் அட்டையை என்னிடம் நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினான்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இதை மட்டும் இதுவரை அம்மாவிடம்தான் நீட்டுவான்.

அவன் நான் பெற்ற பிள்ளை இல்லை. அவனுடைய அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்து, அவன் அம்மாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவன் நான். ஆறு மாதம் ஆகிறது. என்னை அங்கிள் என்று கூப்பிட்டுவிடுவானோ என்ற பயத்தில் கல்யாணத்துக்கு முன் பல நாள் தூங்கவில்லை.

முதல் நாளே அப்பா என்றான். அதன்பிறகு என்னை விட்டால் அவனுக்கு வேறு ஆளில்லை. லிஃப்ட் ரிப்பேர் வேலை முடித்து நான் வரும்வரை வாசலிலேயே நிற்பான். அவனுடைய டீச்சர் 'டாடீஸ் பாய்' என்று சிரித்தார். மேல்வீட்டு அக்கா, சரியான அப்பா கோண்டு என்றார். பெற்றவனுக்கே வாய்க்காது என்று நானும் மிதப்பில் திரிந்தேன்.

அவன் சொன்னதையெல்லாம் கேட்டேன். வகிட்டை வலப்பக்கம் மாற்றினேன். மீசையை எடுத்தேன். காபியில் சர்க்கரையை விட்டேன். பீரோவில் இருந்த ஒரு பழைய நீலச் சட்டையைப் போடச் சொன்னான், போட்டேன். முதலில் தொளதொளவென்று இருந்தது. இப்போது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டில் உடம்பு வைத்துவிட்டது என்று நினைத்தேன். கை நீளம் எப்படிச் சரியானது என்று யோசிக்கவில்லை.

பேனாவை வாங்கி என் பெயரைத்தான் எழுதப் போனேன். கை வேறு பக்கம் சுழித்துக்கொண்டு போய், கீழே ஒரு கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைத்து நின்றது.

மனைவி அட்டையை வாங்கிப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க, அவரு கையெழுத்த எங்க பாத்தீங்க?"

நான் பார்த்ததே இல்லை. நான் வருமுன்பே அவருடைய காகிதங்களையெல்லாம் எரித்துவிட்டதாகச் சொன்னவளே அவள்தான்.

பையன் அட்டையைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான். பெரிய மனுஷன்போல அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தான்.

"அழாதம்மா. அப்பா முக்கால்வாசி வந்துட்டாரு. இனிமே குரல் மட்டும்தான்."

அதட்டுவதற்கு வாயைத் திறந்தேன். பயந்துபோய் மூடிக்கொண்டேன்.

வேன் கிளம்பிப் போனது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். இந்த ஆறு மாதத்தில் ஒருநாளும் அவள் என்னை அப்படி ஆசையாகப் பார்த்ததில்லை.

"ஏதாவது பேசுங்களேன்" என்றாள்.