ரிட்டன் கவர்

“ஏனுங்க பொங்கியண்ணா, உங்க கவர் மறுபடியும் ரிட்டனுங்க.”

தபால்காரர் திருமலைசாமி தறிக்குடோன் வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு கத்தினார். உள்ளே எட்டுத் தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேச்சே காதில் விழாது. ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் பொங்கியண்ணனுக்கு எப்படியோ விழுந்துவிடும். தறியை நிறுத்திவிட்டு, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் ஓடி வந்தார்.

சோமனூரில் ரிட்டன் என்பது நல்ல சொல் இல்லை. துணியில் குறை கண்டு வியாபாரி திருப்பி அனுப்பினால் அது ரிட்டன். கட்டிக்கொடுத்த பெண் பெட்டியோடு வந்து இறங்கினால் ஊர்வாய் அவளையும் ரிட்டன் என்றுதான் சொல்லும். அந்தச் சொல்லைக் கேட்டு முகம் தெளிகிற ஒரே ஆள் பொங்கியண்ணன்தான்.

கையை லுங்கியில் துடைத்துவிட்டுக் கவரை வாங்கினார். முன்பக்கம் அவருடைய கோணல் எழுத்தில் மேட்டுப்பாளையம் விலாசம். பின்பக்கம் முத்து முத்தாக, ‘வாங்க மறுக்கிறேன். பொ. சண்முகப்பிரியா.’ மறுக்கிறவர் கைப்பட இப்படி எழுதிக் கொடுத்தால்தான் அந்த ஊர்த் தபால்காரர் கவரைத் திருப்பி எடுத்துப்போவார்.

“இது எத்தனாவதுங்க?” என்றார் திருமலைசாமி.

“இருவத்திமூணுங்க.”

“பெத்த புள்ளைக்கு இத்தன வீம்பு ஆகாதுங்க.”

“எங்கிட்ட இருந்து போன வீம்புதானுங்க அது.”

பொய்யில்லை. தாயில்லாப் பெண். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியவளைப் படிப்பை நிறுத்தித் தறியில் விட்டார். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், காய்கறி மண்டியில் வேலை செய்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் போய்விட்டாள். அங்கிருந்து மூன்று கடிதம் போட்டாள். அப்போது அவருக்கு எழுத்துத் தெரியாது. மூன்றிலும் கைநாட்டு வைத்து, வேண்டாம் என்று திருப்பிவிட்டார். அதன்பிறகு வீட்டில் அவர் இருமினால் அந்த இருமல்தான் சத்தம். அறிவொளி வகுப்பு ஊருக்கு வந்தபோது, ஐம்பது வயதில் போய் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்.

“நேர்ல ஒரு எட்டு போய்ட்டு வந்தா என்னங்க? காலைல பஸ் ஏறுனா பொழுதுக்குள்ள வந்தர்லாம்.”

“போயி, மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்திப்போட்டா? கவருக்கென்னங்க, எத்தன வாட்டி வேணாலும் திரும்பி வரும். நானு ஒருக்காப் போனா வந்து சேரமாட்டனுங்க.”

“அப்படி என்னத்தத்தான் உள்ள எழுதறீங்க? ஒருவாட்டி படிச்சுக் காட்டுங்களேன்.”

“அதெல்லாம் அப்பனுக்கும் புள்ளைக்கும் உள்ளதுங்க.”

எழுத உட்கார்ந்தால் ‘அம்மணிக்கு’ என்ற சொல்லைத் தாண்டுவதற்குள் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும்.

அன்று வீட்டுக்குப் போனதும் கவரைப் பிரிக்காமல் சுவரில் தொங்கும் கம்பியில் குத்தினார். பழைய இருபத்திரண்டும் அதில்தான் இருந்தன. அதற்கு எதிரே தட்டை வைத்துக்கொண்டு சோறு தின்றார்.

அடுத்த கவர் போனது. எப்போதும் பத்து நாளில் திரும்பிவிடும். இந்தமுறை இருபது நாளாகியும் வரவில்லை. சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். தறியில் நூல் அறுந்தது தெரியாமல் நின்று ஓனரிடம் திட்டும் வாங்கினார்.

இருபத்தோராம் நாள் திருமலைசாமி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“முட்டாய் வாங்கிக் குடுங்க பொங்கியண்ணா. உங்க கவரு இனி வராதுங்க.”

பொங்கியண்ணன் தறியைப் பிடித்துக்கொண்டார். “ஏனுங்க, புள்ள அங்க இல்லீங்களா?”

“இருக்குதுங்க. வாங்கிக்கிச்சுங்க. அந்த லைன் தபால்காரர் அப்துல் நாசரை நேத்துக் காரமடையில ஒரு கல்யாணத்துல பாத்தேன். மறுத்து எழுதறதுக்குப் பேனாவ வாங்குன புள்ள அப்படியே நின்னுச்சாமா. அப்புறம் பேனாவத் திருப்பிக் குடுத்துப்போட்டுக் கவர வாங்கிக்கிச்சாமா.”

“வாங்கி?”

“கையில கிழிச்சா உள்ள இருக்கற கடுதாசியும் கிழிஞ்சுபோகும்னு, கத்திரிக்கோல் எடுத்தாந்து ஓரமா வெட்டுச்சாமா. ‘எங்கப்பன் எழுதப் படிச்சு எனக்கு எழுதியிருக்குதுங்க’ன்னு சொல்லிச் சொல்லி வெட்டுச்சாமா. நாசருக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதுக்கு மேல அங்க நிக்கலீங்களாமா.”

பொங்கியண்ணன் நூல் மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

“சந்தோசத்துல மனுசனுக்குக் காலே ஓடலீங்க,” என்று பக்கத்துத் தறிக்காரனைப் பார்த்துச் சிரித்தார் திருமலைசாமி.

மறுத்து எழுதும்போதும் தன் பெயருக்கு முன்னால் மகள் விடாமல் போட்டுவந்த அந்த ஒரு ‘பொ’வைப் பார்க்கத்தான் அவர் மாதாமாதம் கவர் அனுப்பிக்கொண்டிருந்தார். இருபத்துநான்கு கவரில் ஒன்றுக்குள்ளும் ஒரு துண்டுக் காகிதம்கூட வைத்ததில்லை.